‘கூட யார் வர்றா?’ - தொழில் ஆசையும் அதைத் தூக்கி நிறுத்தும் உறவுகளும்

அகமதாபாத்தில் சேவா வங்கி என்று ஒரு கூட்டுறவு வங்கி இருக்கிறது. 1974-ல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் போட்டு ஆரம்பித்த வங்கி அது. காய்கறி விற்பவர்கள், பழைய துணி வாங்கி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர்கள் எனக் கையைக் கரணம் போட்டுப் பிழைக்கும் பெண்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள்.

இந்த வங்கியின் வாடிக்கையாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இரண்டு நாள் தொழில் பயிற்சிக்கு அழைத்தார்கள். வரவு செலவைப் பார்ப்பது, இலக்கு வைத்துக்கொண்டு உழைப்பது என்று எளிய பாடங்கள்தான். அழைப்பில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் வைத்தார்கள். ஒரு பகுதிப் பெண்களிடம், ‘நீங்கள் வாருங்கள்’ என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், ‘வரும்போது உங்கள் தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்றார்கள்.

நான்கு மாதம் கழித்துப் போய் விசாரித்தால், தனியாக வந்துபோன பெண்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. தோழியோடு வந்தவர்களோ தொழிலுக்காகக் கடன் வாங்கியிருந்தார்கள். வியாபாரத்தைப் பெருக்கியிருந்தார்கள். வீட்டு வருமானம் கூடியிருந்தது. ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொன்னவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது.

அதே பாடம், அதே இரண்டு நாள். பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

எரிகா ஃபீல்ட், சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய இந்தச் சோதனையின் முடிவுகள் 2016-ல் வெளியாகின. அதில் இன்னொன்றும் தெரிந்தது. பெண்கள் தனியாக வெளியே போய் வருவதற்குக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களைச் சேர்ந்தவர்களிடம்தான் தோழியின் பலன் மிக அதிகமாக இருந்தது. ‘எங்கே போறே, கூட யார் வர்றா?’ என்ற கேள்விக்கு எந்த வீட்டில் கட்டாயம் பதில் சொல்ல வேண்டுமோ, அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் கூட வருகிற ஒருத்தி மிகப் பெரிய மூலதனம்.

நினைப்பு எங்கே முளைக்கிறது?

தொழில் தொடங்குகிறவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதைகளில் ஒருவர்தான் இருப்பார். கையில் காசில்லாமல் ஊரைவிட்டு வந்தார், இரவு பகலாக உழைத்தார், ஜெயித்தார். அவருக்கு முதல் ஆர்டர் வாங்கிக் கொடுத்த மச்சான், அட்வான்ஸ் வாங்காமல் கடையை விட்டுக் கொடுத்த ஊர்க்காரர், நகையைக் கழற்றிக் கொடுத்த அக்கா எல்லோரும் நன்றி சொல்லும் ஒரு வரியோடு மறைந்துவிடுவார்கள். உண்மையில் கதையே அவர்கள்தான்.

இது தொழில் ஆரம்பித்த பிறகு கிடைக்கும் உதவியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. ‘நாமும் ஒன்று ஆரம்பிக்கலாமே’ என்ற எண்ணம் ஒருவர் மனதில் வருவதா, வந்தாலும் தங்குவதா என்பதையே சுற்றியிருப்பவர்கள்தான் பெருமளவு தீர்மானிக்கிறார்கள். உளவியலாளர் ஐசக் அய்சன் மனிதர்கள் ஒரு காரியத்தைச் செய்ய எண்ணுவதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார். அதைப் பற்றி நமக்கு இருக்கும் அபிப்பிராயம் ஒன்று. நமக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது இரண்டு. நம்மால் முடியும் என்ற நம்பிக்கை மூன்று. தொழில் ஆசையை ஆராய்கிறவர்கள் 1991-ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையைத்தான் இன்றும் புரட்டுகிறார்கள். பார்த்தால், இரண்டாவது காரணம்தான் உறவுகளைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால், மற்ற இரண்டும் வானத்திலிருந்தா விழுகின்றன? மளிகைக்கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைக்கு வியாபாரம் என்பது பயப்பட வேண்டிய சமாசாரமே இல்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதே வியாபாரம் கிணற்றில் குதிப்பது மாதிரி.

‘அது ரத்தத்தில் ஊறியது’ என்று சொல்பவர்களுக்கு ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. பெற்றவர் தொழில் செய்பவராக இருந்தால், பிள்ளையும் தொழில் செய்வதற்கான வாய்ப்பு சுமார் 60 சதவிகிதம் கூடுகிறது என்று அங்கே கண்டார்கள். பிறகு தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தனியே பார்த்தார்கள். பெற்றவரின் பங்கும் இருந்தது, வளர்த்தவரின் பங்கும் இருந்தது. வளர்த்தவரின் பங்கு இரு மடங்கு. ரத்தத்தைவிட ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த பேச்சுக்குத்தான் வலு அதிகம்.

மாமா மில்லில் இருக்கும்போது...

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். திருப்பூர் போதும்.

திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004-ல் ‘ஃப்ரெடர்னல் கேப்பிடல்’ என்ற புத்தகத்தை எழுதினார் ஷரத் சாரி. பெரிய முதலாளிகள் வந்து கட்டிய ஊராக அது அவருக்குத் தெரியவில்லை. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தாங்களே முதலாளிகளாகிப்போன ஏராளமான கவுண்டர் சமூகத்துக்காரர்களைத்தான் அவர் சந்தித்தார். உழைப்புதான் எங்களை உயர்த்தியது என்று அவர்கள் சொன்னார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால், பக்கத்தில் அதே மெஷினில் அதே அளவு உழைத்த எல்லோரும் முதலாளி ஆகிவிடவில்லையே?

அந்த ஊரில் ஒரு கட்டிங் மாஸ்டர் சொந்தத் தொழிலுக்கு மாறுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் அவர் கம்பெனி ஆரம்பிப்பதில்லை. நாலு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார். அல்லது பவர் டேபிள் போடுகிறார். மெஷின் வாங்கப் பாதிப் பணம் தருவது மச்சானோ, பங்காளியோ. அவரே பார்ட்னர். முதல் ஆர்டர் பெரும்பாலும் பழைய முதலாளியிடமிருந்தே வருகிறது. நூல்கடைக்காரர் கடனுக்கு நூல் தருவார், ஏனென்றால் இவர் எந்த ஊர், யார் மகன் என்று அவருக்குத் தெரியும். பணம் வராவிட்டால் எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும் என்றும் தெரியும். இத்தனைக்கும் மேலாக, போன வருஷம்வரை தன்னோடு ஒரே ஷிஃப்ட்டில் நின்றவன் இப்போது சொந்தமாக யூனிட் நடத்துகிறான். அதைத் தினமும் டீக்கடையில் பார்க்கும்போது, ‘அவனால முடியறப்ப நம்மளால முடியாதா?’ என்று தோன்றாமல் இருக்குமா?

உறவு இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் ஒருவர் பார்த்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜிதான் அவர். கைவன் முன்ஷி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து, 2004-ல் கட்டுரை வெளியிட்டார். உள்ளூர் உறவு வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அதிக முதலீட்டோடு தொழிலில் இறங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைந்த முதலீட்டில்தான் ஆரம்பிக்க முடிந்தது. ஆனால், வளர்ச்சி வேகத்தில் வெளியூர்க்காரர்கள் முந்தினார்கள். அதாவது, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. தெரிந்த முகத்தைத் தேடிப் போயிருக்கிறது.

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, தெரியாதவனை நம்பி யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால், அந்தத் தெரிந்த முகம் வாய்க்காத ஒருவர், நல்ல யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை சம்பளத்துக்கே வேலை செய்திருப்பார். அவர் எந்த ஆய்விலும் வர மாட்டார்.

தனக்கு வட்டம் இல்லையென்றால் தாங்களே அதை உண்டாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வங்கிக் கடன் எட்டாத காலத்தில் தென்மாவட்ட நாடார் வியாபாரிகள் மகமை என்று தங்கள் வியாபாரத்திலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். அதில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. 1921-ல் தூத்துக்குடியில் அவர்கள் நாடார் வங்கியையே ஆரம்பித்தார்கள். 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றுவரை இயங்கிக்கொண்டிருக்கிறது.

கறி விருந்தும் கைமாற்றும்

இதைவிட சுவாரஸ்யமான வங்கி ஒன்று புதுக்கோட்டை, தஞ்சை மாவட்ட எல்லையில் இருக்கிறது. கட்டடம் கிடையாது, மேனேஜர் கிடையாது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் போனால் சாமியானா பந்தலுக்குக் கீழே அது நடந்துகொண்டிருக்கும். மொய் விருந்து!

கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் இருக்காது. பணம் தேவைப்படுகிற குடும்பம் பத்திரிகை அடித்து ஊரையும் உறவையும் அழைக்கும். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. ஆட்டுக்கறிச் சோறு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து மொய் எழுத வேண்டும். முன்பு நோட்டுப் புத்தகமும் பித்தளைப் பாத்திரமும் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டரும் பணம் எண்ணும் மெஷினும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேரும். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள், கடை வைப்பார்கள்.

வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஆனால், கணக்கு உண்டு. நமக்கு ஆயிரம் வைத்தவர் விருந்து வைக்கும்போது அந்த ஆயிரத்தோடு மேலே கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் தொகை அடுத்த சுற்றுக்கான புதுக் கணக்கு. ஒரு குடும்பம் விருந்து வைத்தால் மறுபடி வைக்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். திருப்பிச் செய்யாதவரை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. ஊர்வாய் போதும்.

ஒரு விவசாயி வங்கி வாசலில் போய் நின்றால் என்ன அடமானம் என்று கேட்பார்கள். மொய் விருந்தில் அவருடைய அடமானம், இத்தனை வருடமாக அவர் எழுதிய மொய்தான். எல்லா வீட்டு நல்லது கெட்டதற்கும் போய் வந்தவருக்கு அங்கே மதிப்பு. போகாதவர் பந்தல் போட்டால் பாத்திரம் காலியாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போய் உறவைக் காப்பாற்றி வைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்களும் அவர்களே. மொய் நோட்டில் ஏறும் பெயர் மட்டும் பெரும்பாலும் வீட்டு ஆம்பிளையுடையது. உறவு என்ற மூலதனத்தைச் சேர்ப்பது ஒருவர், அதைக் காசாக்குவது இன்னொருவர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்த மிகப் பெரிய காரியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கியபோது அது கடன் திட்டமாகத்தான் பேசப்பட்டது. ஆனால், வீட்டை விட்டு வெளியே போய் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மரியாதையான காரணத்தை அது கொடுத்தது. அகமதாபாத்தில் கண்டுபிடித்த ‘பக்கத்து நாற்காலி’ இங்கே குழுவாகவே கிடைத்தது.

இந்த வரத்தோடு வரும் சாபத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர்கள்தான். வங்கிக்கு வாராக்கடன் என்பது ஒரு வரி. உறவில் வாராக்கடன் என்றால் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வது. சொந்தக்காரர்களிடம் வாங்கி நொடித்துப்போனவருக்குப் பணத்தோடு சொந்தமும் போகிறது. ‘நமக்கெதுக்கு இந்த வேலை’ என்று அம்மாக்கள் பதறுவதை வெறும் கோழைத்தனம் என்று தள்ள முடியாது. அவர்கள் நஷ்டத்தின் முழுக் கணக்கையும் பார்க்கிறார்கள்.

அறிமுகம்தான் ஆர்டர் கொண்டு வரும்

நெருங்கிய சொந்தத்தை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கலும் உண்டு. நம் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் நமக்கும் தெரிந்தவர்கள்தான். புதிதாக ஒரு தகவல் அங்கிருந்து வராது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் அமெரிக்காவில் தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது, அபூர்வமாகப் பார்க்கும் ஆட்கள் மூலமே வேலை வந்திருந்தது. 1973-ல் அவர் எழுதிய இந்தக் கட்டுரை வேலை தேடுபவர்களைப் பற்றியது. ஆனால், வாடிக்கையாளர் தேடுபவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இட்லி மாவு அரைத்து விற்க நினைக்கும் பெண்ணுக்கு கிரைண்டர் வாங்கப் பணம் கொடுப்பது தம்பியாக இருக்கலாம். ஆனால், தம்பி வீட்டுக்கு மட்டும் மாவு விற்று எத்தனை நாள் ஓட்டுவது? பள்ளி வாசலில் பிள்ளையைக் கூப்பிட வரும் இன்னொரு அம்மா, அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், பஸ்ஸில் தினமும் சிரிக்கும் முகம் என்று பெயர்கூடச் சரியாகத் தெரியாத இந்த ஆட்கள்தான் வியாபாரத்தை அடுத்த தெருவுக்கு எடுத்துப்போகிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவை படம் போட்டு விற்கிற பெண்கள் இத்தனை பேர் கிளம்பியதற்கு இதுவே காரணம். வீட்டை விட்டு வெளியே போகாமலே பழக்கங்களைச் சேர்க்க முடிகிறது, யாரிடமும் ‘கூட யார் வர்றா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல்.

ஊக்கப்படுத்துகிறவர்கள் மட்டும்தான் நல்ல நண்பர்களா? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மாணவர்களை வகுப்புப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். யார் எந்தப் பிரிவில் என்பது மாணவர் கையில் இல்லை. ஜோஷ் லெர்னர், உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு ஆய்வாளர்கள், ஏற்கெனவே தொழில் நடத்தி அனுபவப்பட்டவர்கள் அதிகமுள்ள பிரிவுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அங்கே நிறைய பேர் தொழில் தொடங்குவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். தொடங்கியவர்கள் குறைவு! ஆனால், குறைந்தது எது தெரியுமா? தோற்றுப்போயிருக்கக்கூடிய தொழில்கள். ‘மாப்ள, இதுல நான் கையைச் சுட்டுக்கிட்டேன், வேணாம்’ என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்ததன் பலன்.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம்தான் செயின் மார்க்கெட்டிங். ‘சும்மா ஒரு மீட்டிங், வந்து கேட்டுட்டு மட்டும் போ’ என்று கூப்பிடுவது முன்பின் தெரியாதவர் அல்ல. சித்தி மகன், கூடப் படித்தவள், எதிர்வீட்டு அக்கா. உறவுகள் சேர்ந்து மூலதனமாகும் இதே வழியில்தான் அவை சேர்ந்து மூழ்குவதும் நடக்கிறது. ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களுக்கு 1978-லேயே மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. 2021-ல் நேரடி விற்பனைக்கான விதிகளிலும் பிரமிடு திட்டங்களுக்குத் தடை போட்டார்கள். அடையாளம் சுலபம். பொருள் விற்று லாபம் வருகிறதா, ஆள் பிடித்து வருகிறதா என்று கேட்டால் போதும். ஆனால், கேட்பது யாரிடம்? அன்போடு கையைப் பிடித்து அழைத்துவந்த சித்தி மகனிடம். அதனால்தான் பலரும் கேட்பதே இல்லை.

மொட்டைமாடியில் ஏழு பேர்

மும்பை கிர்காம் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று, ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். எல்லோரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். தெரிந்த ஒரே வேலை சமையல். சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கியிருந்தார்கள். அன்று அவர்கள் போட்ட அப்பளம் நான்கு பாக்கெட். அதை புலேஷ்வரில் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்து விற்கச் சொன்னார்கள். பிற்காலத்தில் லிஜ்ஜத் அப்பளமாக நாடு முழுவதும் தெரிந்த நிறுவனம் இதுதான். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அன்று அந்த மாடியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? வீட்டுக்கு அப்பளம் போடுகிறாள் என்றுதான். ஏழு பேர் என்பதால் அது தொழிலானது. மூன்றே மாதங்களில் சுமார் 25 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றுபோனது. மறு வருடம் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் காய வைத்தார்கள்.

முதல் வருட விற்பனை 6,196 ரூபாய். உடைந்துபோன அப்பளங்களை விற்கவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.